தம்பியின் தலையில் பட்ட இரண்டு கத்திகள்

சலூனுக்குப் போய்வருகிற உங்கள் வீட்டு ஆண்களைக் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் அவர்கள் கண்ணெதிரே புது பிளேடை எடுப்பார். சுற்றியிருக்கும் தாளோடு சேர்த்து இரண்டாக ஒடிப்பார். ஒரு பாதியைக் கத்திக்குள் செருகி மூடுவார். அதைப் பார்த்த பிறகுதான் இவர்கள் நாற்காலியில் சாய்ந்து கழுத்தைக் கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் அந்தப் பாதி பிளேடு டப்பாவுக்குப் போய்விடும். நம் பிள்ளைகளுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஐம்பதைத் தாண்டிய நமக்குத்தான் தெரியும், நம் அப்பாக்களின் கழுத்துக்கெல்லாம் ஊருக்கு ஒரே கத்தி இருந்தது என்று.

எங்கள் பூர்வீகம் சேவூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் என்பதால் நாங்கள் திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். தோட்டத்தைப் பெரியப்பா பார்த்துக்கொண்டார். ஊருக்கென்று ஒரு சவரக்காரர் இருந்தார். பெரியப்பாவைவிடவே வயதில் மூத்தவர். ஆனாலும் எங்கள் ஆட்கள் அவரை 'வாடா, போடா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பதிலுக்குப் பள்ளிக்கூடம் போகிற பையனைக்கூட 'சாமி' என்பார். அப்போது எனக்கு அது தப்பாகப் படவில்லை என்பதை இன்று நினைத்தால் கூசுகிறது.

அவருடைய கத்தி மடக்குக் கத்தி. முதுகுப்பக்கம் விரல் கனம் இருக்கும், வாய்ப்பக்கம் காகிதம் மாதிரி இருக்கும். மாட்டுக் கொம்பில் பிடி. அடைப்பம் என்று சொல்லும் தோல் பையில் கத்தரிக்கோல், படிகாரக் கட்டி, சாணைக்கல் எல்லாவற்றோடும் அது கிடக்கும். ஒருவருக்குச் சிரைத்து முடித்ததும் இடது உள்ளங்கையில் இரண்டு பக்கமும் துடைப்பார். தோல்வாரில் நாலு இழுப்பு இழுப்பார். அடுத்தவர் வந்து உட்காருவார். கிண்ணத்துத் தண்ணீரும் அதேதான். எனக்கு மூன்று வயதில் அந்தக் கத்தியால்தான் மொட்டை அடித்தார்கள். தலை முழுக்கச் சிரங்கு கிளம்பி, வேப்பிலை அரைத்துப் பூசிப் பூசி ஆறுவதற்கு ரொம்ப நாளாயிற்று என்று அம்மா சொல்வாள். அப்பாவுக்கும் தாடையில் ஒருமுறை அப்படி வந்தது. ஆகவே பழைய கத்தியெல்லாம் பொன், புதுசெல்லாம் பித்தளை என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அப்பா பயந்ததற்குக் காரணம் இருந்தது.

எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது தம்பி பிறந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் அம்மாவுக்கு இரண்டு தங்காமல் போயிருந்தன. அதனால் அவனை யாரும் தரையில் விடவே மாட்டார்கள். அப்பா கம்பெனியில் கட்டிங் முடிந்து மீந்த துண்டுகளை எடுத்துவந்து அவனுக்குக் குட்டிக் குட்டிப் பனியன்களாகத் தைத்துத் தருவார். உடம்பு ஒரு நிறம், இரண்டு கையும் வேறு வேறு நிறம். ஏதோ ஒரு நாட்டுக்குப் போக வேண்டிய பனியனின் நெஞ்சில் அச்சடித்திருந்த கரடியின் பாதி முகம் அவன் முதுகில் இருக்கும். அவனுக்குப் பிடரி மறையும்படி சுருட்டை முடி. தூங்கும்போது அந்த முடிக்குள் விரலை விட்டால் வியர்வையில் நனைந்து சூடாக இருக்கும். அதில் பால் வாடையும், லைன் வீடு முழுக்க அடித்த சாய வாடையும் கலந்திருக்கும்.

பதினோராம் மாதம் குலதெய்வக் கோயிலில் மொட்டை என்று பெரியப்பா முடிவு செய்தார். அந்த மாசி மாதம் கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடி. அப்பா விடிந்தும் வருவார், விடியாமலும் வருவார். அம்மா ஒருநாள் அவரிடம், "ஏனுங்க, ஊசி போடற நர்ஸம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்க. இவனுக்கு இன்னும் ஒண்ணுகூடப் போடலீங்களே" என்றாள்.

"ஊசி போட்டா காச்சல் வரும் புள்ள. காச்சலோட எப்பிடி மொட்ட அடிக்கறது? மொட்ட முடியட்டும், அப்பறம் போட்டுக்கலாம்."

"அதுஞ் சரிதானுங்க."

அவ்வளவுதான் பேச்சு. நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன்.

மொட்டைக்கு முந்தின வாரம் அப்பா ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தோடு வந்தார். ரயில் நிலையத்துக்கு எதிரில் ஒரு சலூனில் புதிதாக பிளேடு மாட்டுகிற கத்தி வைத்திருந்தார்களாம். அதே மாதிரி ஒன்றைச் சொல்லிவைத்து வாங்கியிருந்தார். பழைய கத்தியைப் போலவே மடங்கும். ஆனால் தகரம் மாதிரி லேசு. என்னைக் கூப்பிட்டு, பிளேடை ஒடித்துக் காட்டினார். 'டிக்' என்று ஒரு சத்தம். இரண்டு பாதி.

"பாத்தியா கண்ணு? இது தம்பிக்கு மட்டும். இதுக்கு முந்தி யாரு தலையிலயும் பட்டதில்ல. மொட்ட முடிஞ்சதும் தூக்கி வீசிரலாம்."

அன்றைக்கே சுவரில் கண்ணாடியை மாட்டிவைத்துத் தானே சவரம் செய்து பார்த்தார். தாடையோரம் ஒரு கீறல் விழுந்து சோப்பு நுரை சிவந்தது. அம்மா ஓடிவந்தாள்.

"ஒண்ணுமில்ல புள்ள. அந்த சலூன்காரப் பையன் சொன்னான், பழைய கத்தியச் சாய்ச்சுப் புடிக்கற மாதிரி இதப் புடிச்சா கடிச்சுப்போடுமாம். அது கனத்துல தானா போகுமாம். இத நாமதான் மெதுவாக் கொண்டுபோகோணுமாம். முனையில மூல இருக்குதல்ல, அதுதான் ஏறிடுச்சு."

"உங்களுக்கே கடிக்குதுங்க. ஊர்ல அவருக்கு இது பழக்கம் இருக்குமுங்களா?"

"நான் சொல்லிக் குடுத்துக்கறேன்."

அம்மா மட்டும்தான் எங்கள் வீட்டில் அந்தச் சவரக்காரரை 'அவர்' என்று சொல்வாள். இதையும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பின்னால் அவளும் மாறிப்போனாள்.

கோயில் ஊருக்கு வெளியே வேலங்காட்டுக்குள் இருந்தது. கூரையில்லாத ஒரு மேடை, அதற்குப் பின்னால் ஆள் உயரப் புற்று. வருகிறவர்கள் புற்றில் ஒரு பிடி மண் எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். வயிற்று வலி, கட்டி, அரிப்பு எல்லாவற்றுக்கும் அந்த மண்தான். பூசாரி கொஞ்சம் மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தேங்காய்த் தொட்டியில் வைத்திருப்பார்.

மாமன், அதாவது அம்மாவின் தம்பி, புது வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தம்பியை அவர் மடியில் உட்கார வைத்தார்கள். சவரக்காரர் வெள்ளை வேட்டியில், தலையில் எண்ணெய் தடவி, அன்றைக்குத் தனக்கே விசேஷம் என்பதுபோல வந்திருந்தார். அப்பா அந்தப் புதுக் கத்தியை நீட்டினார்.

"இதுல அடி. உன்ற கத்தி வேண்டாம்."

சவரக்காரர் முகம் சுருங்கும் என்று நினைத்தேன். சுருங்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, விரித்து, மடக்கி, மறுபடியும் விரித்துப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏனுங்க சாமி, இது டவுன் கத்திங்களா? கேள்விப்பட்டிருக்கறனுங்க. சாணையே புடிக்க வேண்டாமாமுங்களே!"

"ஆமா. ரொம்பச் சாய்க்காத. அழுத்தாத."

"ஆகட்டுமுங்க. சாமி, மொட்ட முடிஞ்சு இத நானே வெச்சுக்கலாங்களா? திருப்பூருப் பக்கம் வந்து ஒரு கட போடலாம்னு ரொம்ப நாளா நெனப்புங்க. இதுமாதிரி ஒண்ணு இருந்தா டவுன் ஆளுக உக்காருவாங்க."

"நல்லபடியா அடி. வெச்சுக்கலாம்."

அவர் முன்கையில் தன் முடியையே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு தம்பியின் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். உச்சியில் மூன்று இழுப்பு இழுத்தார். அம்மா முந்தானையில் முடியை ஏந்தினாள். வெள்ளை வெளேரென்று மண்டை தெரிந்தது. எல்லோரும் கும்பிட்டோம். வலது காதுக்குப் பின்னால் வந்தபோது தம்பி வீரிட்டுத் தலையைச் சட்டென்று திருப்பினான். மாமன் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் கத்தியின் மூலை இறங்கிவிட்டது.

காயம் சின்னதுதான். பச்சரிசி அளவு. ஆனால் குழந்தையின் தலை அல்லவா, ரத்தம் கழுத்தில் ஓடி மாமனின் புது வேட்டியில் சொட்டியது. சவரக்காரர் கத்தியைக் கல்லில் வைத்துவிட்டுப் படிகாரத்தைத் தேடினார். அவசரத்தில் அடைப்பமே கவிழ்ந்தது. அதற்குள் அம்மா தேங்காய்த் தொட்டியிலிருந்து புற்றுமண்ணை அள்ளி, காயத்தில் வைத்து அழுத்தினாள். "ஆத்தா, ஆத்தா, ஆத்தா" என்று அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சற்று நேரத்தில் ரத்தம் நின்றது. மண் காய்ந்து அப்படியே காயத்தோடு ஒட்டிக்கொண்டது.

"ஆத்தா மண்ணு நிறுத்திருச்சு பாரு" என்றார் பெரியப்பா. சவரக்காரரைப் பார்த்து, "பழக்கமில்லாததக் கையில வாங்கிட்டுப் பல்லக் காட்டிட்டு நின்னயே! எடுடா உன்ற கத்திய" என்றார்.

அப்பா தடுக்கவில்லை. சவரக்காரர் தன் கத்தியை எடுத்துத் தோல்வாரில் இழுத்தார். அதற்குப் பிறகு அது வழுக்கிக்கொண்டு போனது. தம்பி அழுகையை நிறுத்தி, வாய் திறந்தபடி மாமன் மடியிலேயே தூங்கிவிட்டான். ஒரு கீறல் கிடையாது. மொட்டையில் சந்தனம் பூசியதும் எங்களுக்கு அவனை அடையாளமே தெரியவில்லை. எல்லோரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு சிரித்தோம். கிடா விருந்து நடந்தது. சவரக்காரர் கடைசிப் பந்தியில், தள்ளி, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். புதுக் கத்தியை அவர் கேட்கவுமில்லை, அப்பா கொடுக்கவுமில்லை. அது கல்லின் மேலேயே கிடந்தது. பிறகு என்னவாயிற்று என்று யாருக்கும் தெரியாது.

நாங்கள் திருப்பூர் திரும்பி ஒரு வாரம் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் தம்பி பால் குடிக்கவில்லை. வாயை மார்பில் வைக்கிறான், உறிஞ்ச முடியவில்லை, அழுகிறான். பல் வருகிறது என்றார்கள் பக்கத்து வீட்டில். வசம்பு உரைத்துத் தடவினார்கள். மத்தியானம் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வா கண்ணு, தம்பி சிரிக்கறாம் பாரு."

போய்ப் பார்த்தேன். உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு, பல் வராத ஈறு தெரிய, சிரிப்பு மாதிரிதான் இருந்தது. ஆனால் கண் சிரிக்கவில்லை. அம்மா மட்டும் அதைச் சிரிப்பென்றே எடுத்துக்கொண்டு, கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் கொஞ்சினாள். சாயங்காலம் வாசலில் யாரோ குடத்தைக் கீழே போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு அவன் உடம்பு வில்லாக வளைந்தது. தலை பின்னால் போய், முதுகு தரையைத் தொடவில்லை. அம்மா போட்ட அலறலில் அது இன்னொரு தடவை வளைந்தது.

அப்பாவுக்கு ஆள் போய், அவர் கட்டிங் டேபிளிலிருந்து அப்படியே ஓடிவந்தார். உடம்பெல்லாம் பஞ்சுத்தூசி. கோயமுத்தூர்ப் பெரியாஸ்பத்திரியில் ஒரு இருட்டறைக்குள் வைத்தார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. சத்தம் போடக் கூடாது, வெளிச்சம் கூடாது, தொடக் கூடாது. ரண ஜன்னி, டெட்டனஸ் என்றார் டாக்டர். ஊசி போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை. எங்கேயாவது காயம் பட்டதா? அப்பா காதுக்குப் பின்னால் காட்டினார். எதில் வெட்டியது?

"சவரக் கத்திங்க."

"துருப்பிடிச்ச கத்தியா?"

 டாக்டர் அவசரத்தில் இருந்தார், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். காயத்தின்மேல் என்ன வைத்தீர்கள் என்று அவரும் கேட்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவுமில்லை. அது சாமி மண். மருந்து. அதில்தான் தம்பியின் சாவு இருந்தது என்பதை நான் தெரிந்துகொண்டது பல வருடங்களுக்குப் பிறகு. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் எல்லோரும் கத்தியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த இருட்டறை வாசலில் நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன், என் காலடிச் சத்தத்துக்கு அவன் வளைந்துவிடுவானோ என்று. உள்ளே அம்மா சத்தமில்லாமல் அழக் கற்றுக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொள்வாள். சில நாளில் எல்லாம் முடிந்தது. முடிந்த பிறகுதான் அவனைத் தொட விட்டார்கள்.

தோட்டத்து மூலையில் புதைத்தார்கள். குழி மூடுவதற்குள்ளேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. மாமன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"மச்சான் அந்தப் புதுக் கத்தியக் குடுக்காம இருந்திருந்தா கொழந்தைக்குக் காயமே பட்டிருக்காதுங்க. பழைய கத்தியில தூங்கிட்டே அடிச்சுக்கிட்டான்."

பெரியப்பாவுக்கு வந்ததே கோபம். "புது பிளேடுல எப்பிடிறா விஷம் வரும்? டாக்டரே துருவான்னுதான கேட்டாரு? வெட்டுனது எதா வேணா இருக்கட்டும், அதுக்கப்பறம் அந்தப் பழைய கத்தியத்தான அதே தலையில போட்டு இழுத்தான்? ஊருத் தலையெல்லாம் பட்ட கத்தி அது."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றிருந்தார். மெதுவாகத்தான் சொன்னார்.

"நான் புது பிளேடுதான் குடுத்தேன். பொட்டலத்த நாந்தான் பிரிச்சேன்."

அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் மாமன் அடங்கிப்போனார், சவரக்காரரின் கதையும் முடிந்தது. 'காயம் என் கத்தியில் பட்டது, அவரைச் சொல்லாதீர்கள்' என்று இன்னும் ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தன் குழந்தையைத் தானே வெட்டினேன் என்று சொல்ல எந்த அப்பாவுக்கு வாய் வரும் என்று அவருக்காக நானே பல தடவை எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சவரக்காரர் அங்கேதான் இருந்தார். வரப்புக்கு அந்தப் பக்கம், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகட்டி நின்றார். துக்கத்துக்கு வந்திருந்தார். பெரியப்பா அவரைப் பார்த்ததும் அடிக்க ஓடினார். பின்னாலேயே நாலைந்து பேர். முதல் அடியிலேயே அவர் உட்கார்ந்துவிட்டார்.

"சாமி, என்ற கத்தி ரத்தமே பாக்கலீங்க! அதுக்கு முந்தியே பட்டதுங்க!"

மறுபடியும் அடி.

"பக்கத்துலதான சாமி நின்னீங்க, நீங்களே சொல்லுங்க! சின்னச் சாமி, நீங்க சொல்லுங்க!"

அவர் கூப்பிட்டது என் அப்பாவை. அப்பா குனிந்து மண்ணைத் தள்ளிக் குழியை மூடிக்கொண்டிருந்தார். அம்மா எழுந்தாள். அவள் போய்த் தடுப்பாள் என்று நினைத்தேன். அவள் ஓடிப்போய், "என்ற கொழந்தயக் கொன்னுட்டயேடா!" என்று அவர் முகத்தில் மண்ணை வாரி வீசினாள். அதுவரை அவள் யாரையும் 'டா' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

அவர் வீட்டுக்குப் போய் அடைப்பத்தை எடுத்துவந்து கிணற்றில் போட்டார்கள். அந்தக் கத்தி, தோல்வார், படிகாரம், அவருடைய அப்பன் கொடுத்த சாணைக்கல், எல்லாம். அடுத்த வாரம் அவர் பெண்டாட்டியோடு ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். அதற்குப் பிறகு எங்கள் ஊர் ஆண்கள் சேவூர் சலூனுக்குப் போய்ச் சவரம் செய்துகொண்டார்கள். அங்கேயும் அப்போது பழைய கத்திதான் இருந்தது.

எங்கள் லைன் வீட்டில் பேச்சு நின்றுபோனது. அம்மா சோற்றைப் போட்டுவைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காருவாள். சண்டை கிடையாது. ஒரே ஒரு நாள், அப்பா கண்ணாடி முன்னால் நின்று முகத்தில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது, "உங்க கையால நீங்களே பொட்டலத்தப் பிரிச்சீங்களாக்கு" என்றாள். அப்பா நுரையைத் துடைத்துவிட்டு வெளியே போனார். ஊரில் சவரக்காரரைக் கொலைகாரன் என்றவள், வீட்டுக்குள் அப்பாவையும் விட்டுவைக்கவில்லை. பழைய கத்தியையும் புதுக் கத்தியையும் ஒன்று மாற்றி ஒன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே அவள் காலம் போயிற்று. புற்றுமண்ணை மட்டும் அவள் விடவில்லை. ஒரு துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். நான் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், அவன்போல் நானும் போய்விடக் கூடாதென்று, அதைத்தான் எடுத்து அப்புவாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஊசி போட்டிருந்தார்கள். அதனால் இருக்கிறேன்.

எனக்குப் பதினேழு வயதில் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அவிநாசிபாளையத்துக்குக் கூட்டிப்போனார். எதற்கு என்று சொல்லவில்லை. தாராபுரம் ரோட்டோரம் கீற்றுக் கொட்டகையில் ஒரு சலூன். உள்ளே அந்தச் சவரக்காரர். முடியெல்லாம் வெளுத்து, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க சாமி, உக்காருங்க. கண்ணு, நீயும் அந்த பெஞ்சியில உக்காரு."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் புது பிளேடை அப்பாவின் கண்ணெதிரே பிரித்து, ஒடித்து, மாட்டினார். அதற்குள் காலம் மாறியிருந்தது. ரத்தத்தில் தொற்றும் நோய்களுக்குப் பயந்து எல்லாக் கடையிலும் அந்தக் கத்தி வந்துவிட்டது. நன்றாகப் பழகியிருந்தார். முனையைத் தூக்கி, பூப்போலக் கொண்டுபோனார். நுரைக்குள்ளிருந்து அப்பாவின் தாடை நடுங்குவது எனக்குத் தெரிந்தது.

"அசையாதீங்க சாமி. இது கடிச்சுப்போடும்."

முடித்து முகத்தைத் துடைத்துவிட்டதும் அப்பா எழுந்து, முதல்முறையாக அவரை மரியாதையாகக் கூப்பிட்டார். "ஏனுங்க, அன்னிக்கு நான் சொல்லியிருக்கோணுமுங்க."

அவர் துண்டை உதறிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "என்ற ஊட்டுக்காரி இருக்கறப்ப வந்திருந்தீங்கன்னா நல்லா இருந்திருக்குமுங்க. கை தவறிருச்சு, அத மறைக்கறன்னே நெனச்சுட்டுக் கெடந்தா. எங்களுக்குக் கொழந்த இல்லாததும் அந்தப் பாவம்தான்னு சொல்லுவா. நான் எத்தனையோ சொல்லிப் பாத்தனுங்க. சாகற வரைக்கும் நம்பலீங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நம்பியிருப்பாளுங்க."

அப்பா அங்கேயே நின்றார். சவரக்காரர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அடுத்த ஆளை உட்காரச் சொல்லி, பிளேடைக் கழற்றி டப்பாவில் போட்டார். பஸ்ஸில் திரும்பும்போது அப்பா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். வீட்டில் அம்மாவிடம் எங்கே போனோம் என்று சொல்லவே இல்லை. நான்கு வருடம் கழித்து, ஷிப்மென்ட் வேலையில் கட்டிங் டேபிள் மேலேயே சாய்ந்து செத்துப்போனார். தன் கத்திதான் கொன்றது என்ற நினைப்போடேயே போனார்.

என் மகள் பிறந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதல் ஊசிக்குப் போனோம். குழந்தை அம்மா மடியில் இருந்தது. தம்பிக்குப் பிறகு அம்மாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது அந்தக் குழந்தையால்தான். இரவும் பகலும் கீழே விடமாட்டாள். நர்ஸ் இளம் பெண், தெற்கத்திப் பேச்சு. எந்த ஊசி எதற்கு என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"இது ரண ஜன்னிக்கும் சேத்துத்தான். புண்ணு பட்டா சோப்புப் போட்டுத் தண்ணியில கழுவிட்டு உடனே இங்க வாங்க. சாணி, மண்ணு, சாம்பல்னு எதையும் வச்சு அப்பிராதீக. அந்தக் கிருமி மண்ணுலதான் இருக்கு."

 அம்மாதான் கேட்டாள்.

"இரும்புல இல்லீங்களா? துருல?"

"இரும்புல என்ன இருக்கு? அதுல ஒட்டியிருக்கிற மண்ணுலதாம்மா எல்லாம். தொடச்சு வச்ச கத்தியில அது எங்கிட்டு வரும்?"

"எந்த மண்ணுலயும் இருக்குங்களா?"

"எந்த மண்ணுலயும் இருக்கும்மா."

"கோயில் மண்ணுலயுங்களா, கண்ணு?"

நர்ஸ் சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும். "மண்ணுக்குக் கோயில் எது, தெரு எதும்மா?" என்று சொல்லிவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

அம்மா கொஞ்ச நேரம் தன் வலது கையைப் பார்த்தாள். பிறகு குழந்தையை அலுங்காமல் என் மடிக்கு மாற்றினாள்.  இதைக் கேட்க அப்பா இல்லை. சவரக்காரரைத் தேடி நான் ஒருமுறை அவிநாசிபாளையம் போனேன். 'உங்கள் கத்தியும் இல்லை, அப்பா கொடுத்த கத்தியும் இல்லை' என்று அவரிடம் சொல்லத்தான் போனேன். ரோடு அகலமாகிக் கொட்டகை இருந்த இடமே தெரியவில்லை. விசாரித்த ஒருவர், கண் தெரியாமல் போய், காமாலை கண்டு அவர் செத்து ரொம்ப நாளாகிறது என்றார்.

அன்று ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பிய பிறகு அம்மா என் மகளைத் தூக்கவில்லை. குளிப்பாட்டவில்லை, சோறு ஊட்டவில்லை. மகள் நடக்கப் பழகித் தடுக்கி விழுந்தபோதும் அம்மா என்னைத்தான் கூப்பிட்டாள், தான் போய்த் தூக்கவில்லை. என் மகளுக்கு அம்மாயி என்றால் மூலையில் உட்கார்ந்திருக்கிற, தொடாத ஒருத்தி. தன்னை அம்மாயிக்குப் பிடிக்காது என்றே நினைத்து வளர்ந்தாள். நான் காரணம் சொல்லவில்லை. இன்று இதை எழுதும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது மகளுக்குக் குழந்தை பிறந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. போன வாரம் மகள் குழந்தையைத் துணியில் சுற்றி அவளிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"அம்மாயி, இவனையாவது ஒரு தடவ தூக்கேன்."

அம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாஞ் சாமி" என்றாள். "எடுத்துட்டுப் போ. எட்டவே இருந்துட்டுப் போகட்டும்."